வெளிச்சம் பிடித்தவளுக்கு

அமலி,

நீ உன் சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் போன் வாங்கப் புறப்படும் நாளில் உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். அன்றைக்கு உனக்கு என்ன வயதிருக்கும், கடைகளில் எப்படிப்பட்ட போன்கள் இருக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்காரர் ஒரு போனை உன் முகத்துக்கு நேராக நீட்டி, “கேமராவப் பாருங்க மேடம்” என்று சொல்வார். அது மட்டும் நிச்சயம். நீயும் பார்ப்பாய். அப்படிப் பார்ப்பதற்கு முன்னால், உன் அம்மா ஒரு விலை குறைந்த போனை வைத்துக்கொண்டு உன்னை என்ன செய்தாள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது உனக்கு எட்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோவிலில் புதுநன்மை, உன் முதல் நற்கருணை, வாங்கினாய். இதையெல்லாம் இப்போது உட்கார வைத்துச் சொன்னால், “பரவால்லம்மா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாய். அந்தப் பரவாயில்லையைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் வளர்ந்த உன்னிடம் பேசுகிறேன். உறையில் போட்டு ஒட்டாமல், நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பிள்ளையைப் போனுக்கு முன்னால் நிறுத்துகிற அம்மாக்கள் நம் தெருவிலேயே நிறையப் பேர். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு விரலை ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும்.

அந்தப் போனை வாங்க நாம் மூன்று பேரும்தான் போனோம். நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அப்பாவின் லோடு ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாய். என்னுடைய பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, நீ கைக்குழந்தையாக இருந்த படங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. கோவில்பட்டி மெயின் ரோட்டுக் கடையில் நான் கேட்டது ஒன்றுதான்: “விலை கம்மியா இருக்கணும், படம் நல்லா விழணும்.” கடைக்காரர் ஒரு போனைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். மூன்று கண்கள். “அம்பது மெகாபிக்சல் மேடம். இந்த வெலைக்கு இத விட்டா வேற கெடையாது” என்று சொல்லிக்கொண்டே, இடுப்பில் உன்னை வைத்திருந்த என்னை ஒரு படம் எடுத்துக் காட்டினார். திரையில் இருந்தவள் என்னைப் போலத்தான் இருந்தாள். ஆனால் என்னைவிட வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள் போல இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. மூக்கின் மேல் இருந்த அம்மைத் தழும்பு இல்லை. உன் முகமும் பாலில் கழுவி எடுத்த மாதிரி இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்றார்.

“அழகுபடுத்துத செட்டிங் சார். பத்து வரைக்கும் ஏத்திக்கிடலாம். இப்ப நாலுலதான் இருக்கு” என்றார் கடைக்காரர். நானும் அவரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. “பிள்ளைய நேருல பாத்தாலே நல்லாத்தான இருக்கா” என்று மட்டும் சொன்னார். போனை வாங்க வைத்தது ஐம்பது மெகாபிக்சல் அல்ல, அந்தத் தழும்பில்லாத மூக்குத்தான் என்பதை அன்றைக்கு யாரிடமும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

போனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொடுத்த விலைக்கு அது உழைத்தது. கீழே போட்டாலும் தாங்கியது, காலையில் போட்ட சார்ஜ் அடுத்த நாள் வரை நின்றது. பகல் வெளிச்சத்தில், ஆடாமல் நின்று எடுத்தால் சுத்தமான படம் வரும். ஆனால் முதுகில் இருக்கும் மூன்று கண்ணில் வேலை பார்ப்பது ஒன்றுதான். மற்ற இரண்டும் கல்யாண வீட்டில் சும்மா கூட நிற்கிற ஆட்கள் மாதிரி. நீ வாங்கும்போது கண்ணை எண்ணாதே. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் மாவாகக் குழையும். மரூன் துணி சிவப்பாக விழும். பின்னணியை மங்கலாக்குகிற வசதியில் எடுத்தால் கவுனின் நெட் ஓரத்தையும் சேர்த்துக் கத்தரித்துவிடும். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுத்தால் அது உண்மையில் இழுப்பதில்லை, இருக்கிற படத்தை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். நான் பௌதிகம் படித்தவள். வெளிச்சத்தைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸானவள். ஒரு தடவை, மழை பெய்த மறுநாள், பசுவந்தனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கரிசல் காட்டை எடுத்தேன். நனைந்த மண் கன்னங்கரேலென்று மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. போனில் பார்த்தால் சாம்பல். கறுப்பைக் கண்டால் இருட்டு என்று நினைத்துக்கொண்டு அது வெளுத்துவிடுகிறது. வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு மங்க வைக்கிறது. எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தத்தான் கேமராவுக்குத் தெரியும். அன்றைக்கே அது எனக்குப் புரிந்தது. புரிந்ததை மண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கவுன் வியாபாரம் வந்தது. புதியம்புத்தூரில் உன் மாமா, என் அண்ணன், நாலைந்து மிஷின் போட்டுப் பிள்ளைகள் கவுன் தைக்கிறார் என்பது உனக்குத் தெரியும். பெரிய கடைகளுக்குப் போக மிஞ்சியதை என்னிடம் பஸ்ஸில் பண்டலாகப் போட்டுவிடுவார். நான் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் போட்டு விற்க வேண்டும். வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு வெள்ளைப் போர்வையை ஆணியில் தொங்கவிட்டேன். போர்வை முடிகிற இடத்தில் கண்ணாடி வைத்த பீரோ. அதுதான் என் ஸ்டுடியோ. முதலில் உன்னைத்தான் நிறுத்தினேன். மாமாவுக்கும் நீதான் அளவு. உன் உயரம், உன் தோள், உன் இடுப்பை டேப் வைத்து எடுத்துத்தான் இருபத்தாறாம் சைஸ் கவுனை அவர் வெட்டுவார். அதனால் எந்தக் கவுனைப் போட்டாலும் உன் உடம்பில் தைத்த மாதிரி உட்காரும். உட்காராமல் எப்படி இருக்கும், அது உனக்காகவே வெட்டியது.

படத்தைப் பார்த்துவிட்டு மாமா போன் பண்ணினார். “ஏட்டி, துணி எடுப்பாவே இல்லையே. புள்ள கறுப்பா நிக்குதா, கவுனு அடிபட்டுப் போகுதுல்லா. கொஞ்சம் பாத்து எடு.” அவர் கெட்டவர் இல்லை. உனக்கு முதல் கொலுசு போட்டவர் அவர்தான். வியாபாரத்தைச் சொன்னார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. “சரிண்ணே” என்றேன். சொல்லிவிட்டு, அழகுபடுத்துகிற செட்டிங்கில் இருந்த அந்த நாலை எட்டாக்கினேன்.

அதில் ஒரு வினோதம் நடந்தது. போன் முகத்தைத்தான் கண்டுபிடித்து வெளுக்கும். கைகாலை விட்டுவிடும். படத்தில் உன் முகம் சந்தனம், கழுத்துக்குக் கீழே நீ. ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஹர்ஷினி அம்மா வாசலில் நின்று கத்தினாள்: “என்னக்கா இது, மூஞ்சி அமெரிக்காவுல இருக்கு, கையி கோவில்பட்டியிலேயே கெடக்கு?” காம்பவுண்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அடி பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். கையை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன் அமலி. பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஹர்ஷினி உன்னைவிட ஒரு சுற்று மெலிவு, நிறம். அவளும் உன் வகுப்புத்தான். ஒருநாள் விளையாட வந்தவளுக்கு, சும்மா பார்ப்போம் என்று ஒரு மஞ்சள் கவுனைப் போட்டுவிட்டு எடுத்தேன். மாமா உடனே கூப்பிட்டார்: “இப்படி எடுக்கதுக்கு என்னட்டி இவ்வளவு நாளு?” அதன் பிறகு பண்டல் வந்தால் ஹர்ஷினியைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கவுன் அவளுக்குத் தொளதொளவென்று இருக்கும். முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பை வரிசையாகப் போட்டு இறுக்குவேன். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி தெரியும். உன் அளவில் தைத்ததை அவளுக்குக் கிளிப் போட்டு இறுக்கி, ‘கச்சிதமான ஃபிட்டிங்’ என்று எழுதி விற்றேன். அப்பா ஒருநாள் ஆட்டோச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார், “நம்ம புள்ள நின்னா என்ன?” “ஒங்களுக்கு வியாபாரம் தெரியாது” என்றேன். அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்கு ஒரு பழைய கதை உண்டு. என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் என் வீட்டில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய், பவுடர் அப்பி, கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் வெளுத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள். அப்பா வீட்டிலிருந்து வந்தவர்களில் ஒரு அம்மாள் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, “போட்டோவுல வேற மாதிரில்லா இருந்துச்சு” என்றார். தட்டோடு நான் அடுத்தவரிடம் நகர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா சொன்னார், “போட்டோவப் பாத்து நான் சரின்னு சொல்லல. வந்து பாத்துட்டுத்தான் சொன்னேன்.” இதைக் கேட்டவள் நான். அந்தத் தட்டைப் பிடித்த இந்தக் கையால்தான் உன் முகத்தையும் எட்டில் வைத்தேன். தெரியாமல் செய்தவளுக்கு மன்னிப்பு இருக்கும். நான் தெரியாமல் செய்யவில்லை.

உன்னைச் சும்மா ஓரமாக உட்கார வைத்தாலாவது தேவலை. அந்த மஞ்சள் கவுன் எடுத்த அன்றைக்கே உனக்கும் ஒரு வேலை கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் விழும், மறு கன்னத்தில் நிழல் கட்டும். டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம் பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். “அமலி, வெளிச்சம் பிடிக்க வா” என்பேன். நீ ஓடி வருவாய். அந்த வேலை உனக்குப் பிடித்துப்போனது. அட்டையைக் கொஞ்சம் சாய்த்தால் என்ன ஆகும், தள்ளி நின்றால் என்ன ஆகும் என்று நீயாகவே கண்டுபிடித்தாய். “ஏட்டி ஹர்ஷினி, நாடியத் தூக்கு. கண்ணுக்குக் கீழ இருட்டா இருக்கு” என்று அதட்டுவாய். “ஒனக்கென்ன, சும்மா நின்னுக்கிட்டு அட்டையப் பிடிக்க, எனக்கு முதுகெல்லாம் கிளிப்பு குத்துது” என்று அவள் சிணுங்குவாள். “அசையாதட்டி, அசைஞ்சா அம்மா போன்ல ஆடிரும்.” உங்கள் இருவரின் பேச்சைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டே எடுப்பேன். யார் வந்தாலும், “எங்க வீட்டு லைட்டு மாஸ்டரு” என்று உன்னைக் காட்டுவேன். நீ பெருமையாக நிமிர்வாய். அடித்து அழ வைத்திருந்தால் உனக்கு என் மேல் கோபமாவது வந்திருக்கும். நான் உன்னைப் பாராட்டிப் பாராட்டி ஓரத்தில் நிறுத்தினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த போனில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். “சேமிப்பிடம் இல்லை” என்று அது அடிக்கடி சொல்லும். புது டிசைன் எடுக்க வேண்டும், இடம் வேண்டும். எதை அழிப்பது? ‘எடுப்பாக இல்லாத’ படங்களை முதலில் அழித்தேன். நீ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றது, வாயெல்லாம் கடலை மிட்டாய் பூசிக்கொண்டு சிரித்தது, அப்பாவின் மடியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எல்லாம் போய்விட்டன. நீ வாங்கும்போது இந்தச் சேமிப்பிடத்தைத்தான் முதலில் பார். கேமரா சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. இடம் இல்லாத போன், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று உன்னையே கேட்கும். அப்போது நாம் யாரென்று நமக்கே தெரிந்துவிடும்.

போன ஞாயிறுக்கு வருகிறேன். உன் புதுநன்மைக் கவுனை மாமா வேறு யாரையும் தொட விடாமல் அவரே தைத்தார். வெள்ளை சாட்டின், கை வரைக்கும் லேஸ். பஸ்ஸில் வந்த பெட்டியைப் பிரித்ததும் அதை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாய். ஞாயிறு காலையில் தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தியோடு முன்னறைக்கு வந்து நின்றாய். ஜன்னல் முழுக்க வெயில். என் கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு, “வா அமலி, போட்டோ எடுப்போம்” என்றேன்.

நீ மெழுகுவத்தியை மேசையில் வைத்தாய். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தெர்மாகோல் அட்டையை இழுத்து எடுத்தாய். புதுக் கவுனோடு, பூமுடியோடு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய் உன் இடத்தில் நின்றுகொண்டு கேட்டாய்:

“ஹர்ஷினியக் கூப்பிடவாம்மா?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது போனைக் கீழே இறக்கினேன். “நீதாண்டி நிக்கணும். ஒனக்குத்தான புதுநன்மை” என்றேன்.

“நானா?” என்று கேட்டாய். கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட டீச்சரைத் திருத்துகிற மாதிரி, “கவுனு எடுப்பா தெரியாதும்மா. மாமா ஏசுவாவ” என்றாய்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். உன் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு, “அப்பா பிடிக்கேன். எங்கன நிக்கணும்னு சொல்லு மாஸ்டரு” என்றார். உனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. “அங்கன இல்லப்பா, இன்னும் கீழ. சாச்சுப் பிடிங்க. கூசுதுல்லா, அப்ப சரி” என்று அவரை வேலை வாங்கினாய். நான் எடுத்தேன். அவசரத்தில், அந்த எட்டைக் குறைக்கவில்லை. குறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓடி வந்து போனை வாங்கிப் பார்த்தாய். கவுன் வெள்ளை, முகமும் ஏறத்தாழ அதே வெள்ளை. “நல்லாத்தான் இருக்கேன்” என்று ஆச்சரியப்பட்டாய். பிறகு படத்தில் மெழுகுவத்தியைப் பிடித்திருந்த கையை விரலால் பெரிதாக்கினாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். “கை மட்டும் கறுப்பா இருக்கும்மா. க்ளவுஸ் போட்டா சரியாயிரும்” என்றாய். பிள்ளைகள் அன்றைக்கு வெள்ளைக் கையுறை போடுவது உண்டு. நாங்கள் வாங்கியும் வைத்திருந்தோம். நீயே தேடி எடுத்து, பல்லால் கடித்து இழுத்து இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாய். அதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது.

பூசை முடிந்ததும் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளையெல்லாம் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, வரவழைத்த போட்டோக்காரர் ஒரு குரூப் படம் எடுத்தார். அந்தப் படம் புதன்கிழமை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்கிற நீ மட்டும் ஒரேயடியாகப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாய். அங்கே ஒருவர் வெள்ளைக் குடையில் லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் முகத்தில் காது மட்டும்தான் தெரிகிறது.

ஞாயிறு அன்று கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அந்த எட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, “இன்னொண்ணு எடுப்போம் வா” என்று கெஞ்சினேன். “எடுத்தாச்சுல்லாம்மா” என்று கவுனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதன் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. அடம் இல்லை, கோபம் இல்லை. வேறு யாருக்கோ உரிய இடத்தில் உட்காரச் சொன்ன மாதிரி, நாசூக்காக விலகிப் போனாய்.

நீ பள்ளிக்கூடம் போன பிறகு அந்தப் போனை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அடுப்பங்கரையிலிருந்து தோசைக்கல்லை எடுத்து வந்து அப்பாவின் வெள்ளை வேட்டியின் மேல் வைத்தேன். படம் எடுத்தால் வேட்டி நன்றாக விழுகிறது, கல் ஒரே இருட்டுப் பள்ளமாகத் தெரிகிறது. திரையில் வேட்டியின் மேல் விரலை வைத்தால் இன்னும் இருட்டு. பிறகு விரலைக் கல்லின் மேல் வைத்தேன். ஒரு சிறு வட்டம் வந்தது, பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன். கல் மெல்லத் தெளிந்தது. அதன் வளைவு, எண்ணெய்ப் பளபளப்பு, ஓரத்தில் நீ சின்ன வயதில் கீறிய கோடு, எல்லாம் தெரிந்தன. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. வெளுக்கவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான். அந்த விலை குறைந்த போனில் இந்த வசதி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. கடைக்காரர் சொல்லவில்லை, நான் தேடவில்லை. திரையில் உன் முகத்தை ஒருமுறை தொட்டிருந்தால் போதும். துணி தெளிவாக விழ வேண்டும் என்று நான் எப்போதும் தொட்டது கவுனைத்தான். தோசைக்கல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உன் அத்தை, அப்பாவின் அக்கா, உன் புதுநன்மைப் படத்தைப் பிரேம் போட்டு வைக்கக் கேட்டிருந்தார். வெளுத்த படத்தை அனுப்ப மனம் வரவில்லை. போனில் உன் முகம் இருக்கிற வேறு ஒரு படம், ஒன்றே ஒன்று, கிடைக்காதா என்று தேடினேன். கவுன், கவுன், ஹர்ஷினி, கவுன். நீ இருக்கிற இடத்திலெல்லாம் எட்டு. தள்ளிக்கொண்டே போனபோது அந்த மஞ்சள் கவுன் படம் வந்தது. ஸ்டேட்டஸில் போடும்போது ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டேன். முழுப் படம் போனிலேயே தங்கியிருக்கிறது. நடுவில் ஹர்ஷினி. வெள்ளைப் போர்வை முடிகிற இடத்தில் பீரோ. பீரோக் கண்ணாடியில் நீ. தெர்மாகோல் அட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அட்டையில் பட்ட வெளிச்சம் உன் மோவாயிலும் கொஞ்சம் தெறிக்க, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் நிறத்தில். புருவத்தின் மேல் இருக்கிற மச்சத்தோடு. போன் ஒரு முகத்தைக் கண்டுபிடித்தால்தான் வெளுக்கும் என்று சொன்னேனே; கண்ணாடிக்குள் ஓரமாக நின்ற உன்னை அது ஒரு முகமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். அதனால்தான் நீ தப்பித்திருக்கிறாய்.

அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்தவர் படத்தைத் திறந்ததும் மவுஸை நேராக ஹர்ஷினியின் மேல் வைத்து, “பாப்பா அழகா இருக்கா. முழு சைஸ் போட்டுருவமாக்கா?” என்றார்.

“அந்தப் பிள்ளை இல்ல. கண்ணாடியில நிக்காள்ல, அவ.”

“இந்த அட்டையப் பிடிச்சிட்டு நிக்க பாப்பாவா?”

“ஆமா. அவதான் எம்பிள்ளை.”

அவர் உன்னைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து சிதறியது. “சாதாரண போன்லா அக்கா, இதுக்கு மேல தாங்காது. பாஸ்போர்ட் சைஸ் வேணா போடலாம்” என்றார். ஐம்பது மெகாபிக்சலில் என் மகளுக்குக் கிடைத்தது அந்த ஓரத் துண்டுதான். போடச் சொன்னேன்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காட்டினேன். உன் முகத்தை நீ பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தாய். “எவ்ளோ நேரா பிடிச்சிருக்கேன் பாத்தியாம்மா” என்றாய். “ஆமாட்டி, ஒன்ன மாதிரி யாருக்கும் பிடிக்கத் தெரியாது” என்றேன். வேறு என்ன சொல்ல. மாமாவிடம் சொல்லிவிட்டேன், இனி இருபத்தாறாம் சைஸ் கவுனை அந்த அளவுக்குரிய பிள்ளைதான் போட்டு நிற்பாள், இல்லையென்றால் ஹாங்கரில் மாட்டி எடுப்பேன் என்று. “ஒனக்கு என்னட்டி ஆச்சு?” என்று கேட்டார். பிறகு, “சரி, ஹாங்கர்லயே எடு” என்றார். இப்போது ஹாங்கரில்தான் எடுக்கிறேன். நீ இன்னும் நிற்க வரவில்லை. ஹர்ஷினி வழக்கம்போல விளையாட வருகிறாள். அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவளையும் நான் கிளிப் குத்தித்தானே நிறுத்தினேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் நேற்றுப் போனை எடுத்துப் பார்த்தபோது, நான் பூஜ்யத்தில் வைத்த அந்த அழகுபடுத்துகிற கோடு மறுபடியும் எட்டில் நின்றது. அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அவர் என் போனைத் தொடுவதே இல்லை. மிச்சம் நீதான். நான் அதை மறுபடியும் பூஜ்யத்துக்கு இறக்கினேன். இன்றைக்கும் இறக்கினேன். நாளைக்கும் இறக்க வேண்டியிருக்கும். எத்தனை காலம் என்று தெரியவில்லை. நான் ஏற்றி வைத்ததை நான்தானே இறக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அந்தக் கோடு உன் மனதுக்குள் எந்த எண்ணில் நிற்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். இன்னும் எட்டிலேயே நின்றால் என்னைத் திட்டு. பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே. நல்ல போனாகப் பார்த்து வாங்கு. கண்ணை எண்ணாதே, இடத்தைப் பார், கடைக்காரர் எடுத்துக் காட்டும் முதல் படத்தை நம்பாதே. யாரை எடுத்தாலும் திரையில் முதலில் அவர்கள் முகத்தைத் தொடு.

அந்தச் சின்னப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அத்தைக்கு அனுப்பவில்லை. இது உன்னுடையது. ரொம்பச் சின்னது, மங்கலாகக்கூட இருக்கும். முகம் சரியாகத் தெரியவில்லை என்றால் ஜன்னல் பக்கம் கொண்டு போய்க் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

உன் அம்மா